கமா வைத்த காவல்

பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் வேறு. வக்கீலம்மாவிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய், "மேடம், இந்த எடத்துல ஒரு கமா போடலன்னா வீட்ட வித்தது அண்ணனா தம்பியான்னே தெரியாமப் போயிடும்" என்று சொல்லிவிட்டாள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வரியை மூன்று தடவை படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அன்று முதல் அவள் கமா. ஜூனியர்கள் கமா அக்கா என்றார்கள். கணவரே தன் போனில் அவள் எண்ணை அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருந்தார்.

பத்தொன்பது வருஷம் அவள் அந்த வேலையைச் செய்தாள். அதில் கடைசி நாலு வருஷம் வீட்டிலிருந்து. வக்கீலம்மா பெரிய அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு நீதிமன்றத்துக்கு எதிரே ஒற்றை அறைக்கு மாறியபோது, "ஒனக்கு மேஜை போட எடமில்ல கமா, கம்ப்யூட்டர நீயே எடுத்துட்டுப் போயிடு" என்றார். மூன்றாவது மாடி வீட்டில், படுக்கையறை அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அந்தக் கணினியை வைத்தார்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் அலமாரிக் கதவு திறக்காது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் சட்டை எடுக்க வரும்போதெல்லாம், "கோர்ட்டு கொஞ்சம் எந்திரிக்குமா?" என்று கேட்பார். கோர்ட்டு எழுந்து நிற்கும். அவர் சட்டையை எடுத்ததும் மறுபடி உட்காரும்.

கட்சிக்காரர்கள் பேசுவதை வக்கீலம்மா போனில் பதிவு செய்து அனுப்புவார். கமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பாள். அழுகை, இருமல், நடுவில் எங்கோ பாத்திரம் விழும் சத்தம், எல்லாவற்றுக்கும் ஊடே அந்த மனுஷர் என்ன சொல்ல வருகிறார் என்று பிடித்து, நீதிமன்றத்துக்கு ஏற்ற வாக்கியங்களாக்கித் தருவாள். பெரும்பாலும் குடும்ப வழக்குகள். யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. குரல்களை மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படித் தெரிந்த குரல்களில் ஒன்று லென்ஸ் கடைப் பெண்ணுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து வெட்டுகிறவள். புருஷனிடமிருந்து ஆறு வயது மகளோடு தப்பி வந்தவள். இரண்டு தடவை வீடு மாற்றினாள். இரண்டு தடவையும் அவன் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாவது தடவை என்ன நடந்தது என்பதை அவள் பதிவில் சொன்னபோது கமா ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சமையலறையில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியை டைப் செய்தாள். மூன்று பதிவுகள், நாற்பத்திரண்டு பக்கம். கடைசியாக அவளுக்காக ஒரு மனுவும் போட்டார்கள்: மனுதாரரின் புதிய முகவரி நீதிமன்றப் பதிவுக்கு மட்டுமே, எதிர்மனுதாரருக்கு அதைத் தெரிவிக்கக் கூடாது. நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. அந்தப் புருஷன் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடுகிறவன் என்பதால், மற்ற தாள்களின் நகல்களையெல்லாம் அவனுக்கே நேராக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியிருந்தது. அதுவும் கமாவின் வேலைதான். முகவரி இருக்கும் தாள் எது, இல்லாத தாள் எது என்று இரண்டு தடவை சரிபார்த்துத்தான் அனுப்புவாள்.

ஒழுங்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் ஓர் எண். அந்த எண்ணிலேயே கணினியில் ஒரு கோப்புறை. கடிதத்தின் தலைப்பும் அந்த எண்ணில்தான் தொடங்கும். வக்கீலம்மா போனில் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் தாள் அவர் கைக்குப் போய்விடும்.

ஒருநாள் வக்கீல் சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் கணினிகளில் தகுந்த பாதுகாப்பு மென்பொருள் இருக்க வேண்டும், கட்சிக்காரர்களின் ரகசியம் கசிந்தால் வக்கீலே பொறுப்பு என்று அதில் போட்டிருந்தது. வக்கீலம்மா அதை அப்படியே கமாவுக்கு அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "நல்லதாப் பாத்து ஒண்ணு போட்டுடு. எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது, ஒனக்குத்தான் எல்லாம் பாத்துப் பாத்துச் செய்ய வரும்."

கமா ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

முதலில் தம்பியைக் கேட்டாள். தம்பி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது என்பது அவன் எண்ணம்.

"அதெல்லாம் சும்மாக்கா," என்றான். "கம்ப்யூட்டர்லயே ஒண்ணு இருக்கும், அதுவே போதும். பயமுறுத்திப் பயமுறுத்தியே விக்கிறாங்க."

"அப்ப சங்கத்துல எதுக்குடா தகுந்ததுன்னு எழுதறாங்க?"

"தகுந்ததுன்னா என்னன்னு எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. அது கமாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு சொல் இருந்தால் அதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டும்.

கணினிக் கடைக்காரரிடம் போனாள். அவர் அட்டைப்பெட்டியில் இருந்த ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்து, "கண்ண மூடிட்டுப் போடுங்கம்மா, நானே இதத்தான் வச்சிருக்கேன்" என்றார். அவர் மேஜைக் கணினியின் திரையில் வேறொன்றின் படம் தெரிந்தது. கமா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

பிறகு இணையத்தில் ஒப்பிட்டு எழுதும் பக்கங்களைப் படிக்கத் தொடங்கினாள். படிக்கப் படிக்கத் தெளிவு வரும் என்றுதான் உட்கார்ந்தாள். வந்தது பயம்தான். ஒன்று வைரஸை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கணினி ஆமை வேகத்தில் போகும். இன்னொன்று வேகமானது, ஆனால் போலிக் கடிதங்களைக் கண்டுகொள்ளாது. மூன்றாவது எல்லாவற்றையும் கண்டுகொள்ளும், நல்ல கோப்பையும் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடும். ஒரு பக்கத்தில் முதலிடம் பெற்றது இன்னொரு பக்கத்தில் ஏழாவது. பூட்டிப் பணம் பறிக்கும் கிருமி, தட்டும் எழுத்தையெல்லாம் ஒட்டுக்கேட்கும் கிருமி, கடிதம் திருடும் கிருமி. இத்தனை நாளும் இவ்வளவுக்கும் நடுவிலா கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தவள் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"இன்னுமா முடிவாகல?" என்றார் கணவர், எட்டாவது நாள். "எனக்கு உன்ன பேசி முடிக்கறப்ப உங்க வீட்டுல இவ்வளவு விசாரிச்சிருந்தா நான் தேறியே இருக்க மாட்டேன்."

"அப்ப விசாரிக்காம விட்டதுக்குத்தான் இப்ப சேத்து விசாரிக்கறேன்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று மாலை அவள் கட்டத்தில் இன்னும் இரண்டு வரிசை கூடியது.

பதினோராவது நாள் முடிவுக்கு வந்தாள். கேடயப் படம் போட்ட ஒன்று. நோட்டில் அதற்குத்தான் அதிகப் புள்ளி. பெயரைத் தேடலில் தட்டினாள். முதலில் வந்ததைத் தொட்டாள். அதே கேடயம், அதே நீலம். முப்பது நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்றது. இறக்கினாள். நடுவில் ஓர் அறிவிப்பு வந்தது: ஒரே கணினியில் இரண்டு பாதுகாப்பு இருந்தால் ஒன்றோடொன்று மோதும், ஆகவே ஏற்கனவே உள்ளதை நிறுத்தவும். இதை அவள் நாலைந்து பக்கங்களில் ஏற்கனவே படித்திருந்தாள். நோட்டில்கூடக் குறித்து வைத்திருந்தாள். அதனால் சந்தேகம் வரவில்லை. எப்படி நிறுத்துவது என்று அது சொல்லிக் கொடுத்த மாதிரியே, படிப்படியாக, தன் கையாலேயே பழையதை நிறுத்தினாள்.

திரையின் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது.

வக்கீலம்மாவுக்கு எழுதினாள்: "போட்டாச்சு மேடம்." தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் அந்த டிக்கைப் பார்ப்பாள். சட்டை எடுக்க வந்த கணவர் எட்டிப் பார்த்து, "நம்ம வீட்டுல நிம்மதியா இருக்கறது இது ஒண்ணுதான் போல" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, காலை பத்தே கால் மணிக்குப் போன் வந்தது. பழைய கட்சிக்காரர் ஒருவர், விவாகரத்து முடிந்து இரண்டு வருஷம் ஆனவர். "ஏம்மா, என் பழைய மனுவ எதுக்கு மறுபடி எனக்கே அனுப்பியிருக்கீங்க? கேஸ் திரும்ப எடுக்கறாங்களா?"

"நான் எதுவும் அனுப்பலயே சார்."

"உங்க பேர்லதான் வந்திருக்கு. 'இணைப்பைப் பார்க்கவும்'னு ஒரு வரி."

அவர் வைப்பதற்குள் இன்னொரு அழைப்பு காத்திருந்தது. நீதிமன்ற எழுத்தர். அவருக்கும் ஏதோ வந்திருந்தது. கமா அனுப்பிய கடிதங்களின் பெட்டியைத் திறந்தாள். நூற்று அறுபத்து மூன்று கடிதங்கள். எல்லாம் அன்று காலை ஒன்பது பன்னிரண்டிலிருந்து ஒன்பது இருபதுக்குள் போனவை. எதையும் அவள் எழுதவில்லை. அந்த நேரத்தில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கணினி தானாக அவள் பழைய கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு தாளை இணைத்து அனுப்பியிருந்தது.

மூலையில் பச்சை டிக் அப்படியே இருந்தது.

நோட்டை எடுத்து யாருக்கு என்ன போயிருக்கிறது என்று வரிசையாக எழுதத் தொடங்கினாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. கோடு போட்டு, எண் போட்டு, ஒவ்வொரு கடிதமாகத் திறந்தாள். நாற்பது வரை பழைய நோட்டீஸ்கள், வாய்தா தேதிகள். எழுபதில் ஒருவருடைய மருத்துவச் சான்றிதழ். தொண்ணூற்று நான்காவது கடிதத்தில் பேனா நின்றது.

அது அந்தப் புருஷனுக்குப் போயிருந்தது. இணைப்பு: முகவரியை ரகசியமாக வைக்கக் கோரும் மனு. இரண்டாம் பக்கத்தில், கதவு எண்ணிலிருந்து தொடங்கி எல்லாம் இருந்தது.

வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. ஜூனியர் எடுத்தான். "மேடம் உள்ள குறுக்கு விசாரணை பண்ணிட்டிருக்காங்க கமா அக்கா. முடிய ஒரு மணி நேரமாகும்."

"சீட்டு எழுதி உள்ள குடு. லென்ஸ் கடைப் பொண்ணோட அட்ரஸ் அவனுக்குப் போயிடுச்சுன்னு எழுது. போலீசுக்கும் சொல்லு. இப்பவே."

"எப்படிப் போச்சு?"

"எழுதுடா முதல்ல!" அவள் யாரையும் அப்படி அதட்டியதில்லை.

அந்தப் பெண்ணின் எண்ணுக்கு ஆறு தடவை அடித்தாள். தெரியாத எண் எதையும் எடுக்கக் கூடாது என்று அவளுக்கு வக்கீலம்மாவே சொல்லி வைத்திருந்தார். குறுஞ்செய்தி அனுப்பினாள்; பார்த்ததாகத் தெரியவில்லை. முகவரியைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டிய அவசியம் கமாவுக்கு இருக்கவில்லை. வீட்டுச் செருப்போடு கீழே இறங்கி, தெருமுனையில் வந்த டாக்ஸியை மறித்து ஏறினாள்.

போக நாற்பது நிமிஷம் ஆனது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவன் இந்நேரம் கடிதத்தைத் திறந்திருப்பானா என்று கணக்குப் போட்டாள். வேலைக்குப் போகிறவன், மாலையில்தான் பார்ப்பான் என்று ஒரு மனம் சொன்னது. பையில் போன் இல்லாத மனுஷன் யார் என்று இன்னொரு மனம் கேட்டது.

பழைய நாலுமாடிக் கட்டடம். கீழே தையல் கடை. இரண்டாவது மாடியில் கதவின் உள்பக்கமிருந்து டிவியில் ஏதோ பொம்மைப் படம் ஓடும் சத்தம் கேட்டது. தட்டியதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ஆள் இல்லாத வீடு போல ஆகிவிட்டது.

"நான் வக்கீலம்மாகிட்ட டைப் பண்றவ. கதவத் திறங்க, அவசரம்."

மறுபடி தட்டினாள்.

"உங்க கேஸ் நம்பர் எனக்குத் தெரியும்." எண்ணைச் சொன்னாள்.

"நம்பர் கோர்ட்டு வாசல்லயே ஒட்டியிருக்கும்," என்றது உள்ளேயிருந்து அந்தக் குரல். நடுவில் தொண்டையைச் செருமிக்கொள்ளும் அதே குரல். கமா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு யோசித்தாள். வெளியில் யாருக்கும் தெரியாதது, எந்தத் தாளிலும் இல்லாதது.

"ரெண்டாவது தடவை பேசினீங்கல்ல, போன்ல பதிவு பண்ணது. நடுவுல உங்க பொண்ணு வந்து கத்தரிக்கோல் எங்கம்மான்னு கேக்கும். வீட்டுல கத்தரிக்கோலே கிடையாது, கையால கிழின்னு சொல்லுவீங்க. நான் அத எழுதல. கேட்டேன்."

சங்கிலி விலகியது. மெலிந்த, உயரமான பெண். கமா மனதில் வைத்திருந்தது குள்ளமான ஒருத்தியை. கன்னத்தில் இருந்த தழும்பு மட்டும் டைப் செய்த மாதிரியே இருந்தது. பின்னால் சோபாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அதற்குக் காய்ச்சல் என்பதால்தான் அன்று அவள் கடைக்குப் போயிருக்கவில்லை.

கமா நின்றபடியே சொன்னாள். சுருக்கமாகச் சொல்ல நினைத்தாள், நாக்கு குழறியது.

"ஏன் அனுப்பினீங்க?"

"நான் அனுப்பல. என் கம்ப்யூட்டர்லேருந்து அதுவா..."

"உங்க கம்ப்யூட்டர்தானே?"

"ஆமா."

அந்தப் பெண் கத்தவில்லை. கமா அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். படியேறும்போது அதற்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டும் இருந்தாள். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். அது முன்பே பாதி அடுக்கப்பட்டிருந்தது. பிறந்த சான்றிதழ், மருந்து, குழந்தையின் இரண்டு மாற்றுத் துணி. சமையலறையில் கேஸை மூடினாள். சார்ஜரைப் பிடுங்கினாள். எது எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை. இதைச் செய்து பழகிய கை.

"இது மூணாவது வீடு," என்றாள், யாரிடமோ சொல்வது போல. "இங்கதான் சுவத்துல ஆணி அடிச்சேன்."

குழந்தை கேட்டது: "அம்மா, நாளைக்கு ஸ்கூல் உண்டா?"

"செருப்ப மாட்டு."

கமா ஒரு பையைத் தூக்கிக்கொண்டாள். மாடிப்படியில் இறங்கும்போது அந்தப் பெண் திரும்பாமலேயே கேட்டாள். "நான் சொன்னதெல்லாம் நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா."

"வக்கீலம்மா படிச்சுக் காட்டினாங்க. நான் சொன்னத விட நல்லா இருந்துச்சு. ஒருத்தர் முழுசாக் கேட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

கமா தையல் கடை வாசலில் நின்று, வந்த டாக்ஸியை நிறுத்தினாள். பையை உள்ளே வைத்துவிட்டு, "எங்க போறீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் அவளை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். "உங்ககிட்ட சொல்ல மாட்டேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

கமா தையல் கடையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். கார் எந்தப் பக்கம் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. கணினி திறந்தபடியே இருந்தது. உள்பெட்டியில் கோபமும் குழப்பமுமாக நாற்பது ஐம்பது பதில்கள். அவற்றின் நடுவில் அவனுடையதும் இருந்தது. பதினொன்று நாற்பதுக்கு எழுதியிருந்தான். ஒரே வரி.

"தகவலுக்கு நன்றி."

கமா மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பிறகு அந்தச் சின்ன இடைவெளியில், அலமாரிக்கும் மேஜைக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்தாள். மாலையில் வேலை முடிந்து வந்த கணவர் அவளை அங்கேதான் பார்த்தார்.

அந்தப் புருஷன் அன்று மாலை ஐந்து மணிக்கு அந்தக் கட்டடத்துக்கு வந்தான். தையற்காரர் பின்னால் போலீசிடம் சொன்னது அது. மேலே போய்ப் பூட்டை உடைத்து, உள்ளே பத்து நிமிஷம் இருந்துவிட்டு இறங்கி வந்து, "இந்த வீட்டுக்காரங்க எந்தக் கடையில வேலை பாக்கறாங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டானாம். தையற்காரர் சொல்லவில்லை. ஆனால் அந்த மனுவின் நாலாம் பத்தியிலேயே கண்ணாடிக் கடையைப் பற்றியும் இருந்தது. மறுநாள் அங்கேயும் போய் நின்றான். ஜூனியர் முன்பே சொல்லியும் வராத போலீஸ் அதற்குப் பிறகுதான் அவனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியது. பூட்டை உடைத்ததற்கு ஒரு வழக்கு. அவ்வளவுதான். கடை முதலாளி அந்தப் பெண்ணின் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டார்.

கணினியைப் பார்க்க வந்த ரிப்பேர்காரர் மெதுவாகப் பேசுகிற மனுஷர். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க போட்டது அந்த மென்பொருளே இல்லம்மா. அது மாதிரியே பண்ணி வச்சிருக்கானுங்க. தேடறப்ப மொதல்ல வர்றது விளம்பரம். பாருங்க, ஓரத்துல பொடி எழுத்துல போட்டிருக்கும். அந்தப் பக்கத்தோட வெலாசத்துல ஒரு எழுத்து கூடுதலா இருக்கு."

கமா பார்த்தாள். இரட்டித்து நின்றது ஓர் எழுத்து. அடுத்தவர் மனுவில் அது இருந்திருந்தால் பத்தடி தள்ளி நின்றே பிடித்திருப்பாள்.

"நம்பர் நம்பரா இவ்வளவு சுத்தமா அடுக்கி வச்சிருந்தீங்கல்ல," என்றார் அவர் தயங்கி. "லெட்டர்ல இருக்கற நம்பரயும் கோப்புல இருக்கற நம்பரயும் அது சேத்துப் பாத்திருக்கு. சம்பந்தம் இருந்தாத்தானே வாங்கறவன் தொறப்பான். அதான் அவனோட கேசுத் தாளே அவனுக்குப் போயிருக்கு."

"நான் எதுவுமே போடாம விட்டிருந்தா?"

அவர் மவுஸை ஓரமாக நகர்த்தி வைத்தார். "பழசு ஓடிட்டிருந்திருந்தா... அனேகமா இத உள்ள விட்டிருக்காது. ஆனா அப்படியெல்லாம் யோசிக்காதீங்க."

எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக்கிவிட்டு, இப்போது எதைப் போடட்டும் என்று கேட்டார். கமா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவரே ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

வக்கீலம்மா திட்டவில்லை. அதைத்தான் கமாவால் தாங்க முடியவில்லை. "சங்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஒன் மேல தப்பில்ல, நான்தான் ஒன் தலையில கட்டினேன்" என்றார். சொன்னபோது அவர் கண்கள் மேஜைமேல் இருந்தன. அதன் பிறகும் வேலை வந்தது. ஆனால் பதிவுகள் வரவில்லை. விற்பனைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், கடை பெயர் மாற்றம் என்று யாருடைய குரலும் இல்லாத தாள்களாக வந்தன. கமா அதைப் பற்றிக் கேட்கவில்லை. வக்கீலம்மாவும் சொல்லவில்லை.

கணவர் தன்னால் முடிந்ததைப் பேசிப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒரு லிஃப்ட் நடுவுல நின்னா, மோட்டாரா, கதவா, ஒயரான்னு எனக்கு எங்க பாக்கணும்னு தெரியும். ஒனக்கு எங்க கை வச்சுச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியலயே" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பி போன் செய்து, "நான் அப்பவே சொன்னேன்லக்கா" என்று ஆரம்பித்தான். அவள் வைத்துவிட்டாள். பிறகு அவனே வீட்டுக்கு வந்து அழுதான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து லென்ஸ் கடைப் பெண் வேறு யாருடைய போனிலிருந்தோ வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள். இப்போது இருக்கும் இடத்தை நீதிமன்றத்துக்குத் தெரிவித்தால்தான் வழக்கு நடக்கும் என்று வக்கீலம்மா எவ்வளவோ சொன்னார்.

"எந்தத் தாள்லயும் இனிமே என் வீட்ட எழுத மாட்டேன் மேடம். எழுதினா அது எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கும்."

"இந்தத் தடவ நானே கையால எழுதி, நானே ஜட்ஜுகிட்டக் குடுக்கறேன்மா."

"அப்பறம் அவங்க யார்கிட்டயாவது குடுப்பாங்கல்ல?"

வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த மனுவை டைப் செய்ய வேண்டியிருந்தது. வக்கீலம்மா ஜூனியரிடம் கொடுக்கப் பார்த்தார். கமாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் வீட்டில் செய்யவில்லை. நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த அந்த ஒற்றை அறைக்குப் போய், வாசல் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஜூனியரின் கணினியில் அடித்தாள். அரைப் பக்கம்தான். மனுதாரர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் இவ்வழக்கைத் திரும்பப் பெறுகிறார் என்று வழக்கமாக எழுத வேண்டும். 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற இடத்தில் அவள் விரல்கள் நகரவில்லை. ஜூனியர் எழுந்து வந்து அந்த மூன்று சொற்களை அடித்துக் கொடுத்தான்.

வழக்கு போனதும் முகவரியை மறைக்கச் சொன்ன உத்தரவும் அதோடு போயிற்று. அந்தப் புருஷன் சும்மா இருக்கவில்லை. மகளைத் தன்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறாள் என்று அவனே ஒரு மனு போட்டான். அவள் வரவில்லை, பதிலும் இல்லை. நீதிமன்றம் ஒருதலையாகக் கேட்டு, குழந்தையைக் கொண்டுவந்து காட்டும்படி உத்தரவிட்டது. காகிதத்தின்படி இப்போது ஒளிந்து திரிகிற குற்றவாளி அவள்தான். அந்த உத்தரவின் நகல் வக்கீலம்மாவுக்கு வந்தது. எங்கே அனுப்புவது என்று தெரியாமல் அவர் அதை மேஜை இழுப்பறையில் போட்டார்.

கமா அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டாள். வக்கீலம்மா போக வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார், இரண்டாவது தடவை சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு நகல் எடுக்கும் கடையில் இப்போது அவள் வேலை செய்கிறாள். தாள்களை அடுக்கி, ஓரம் வெட்டி, சுருள் கம்பி போட்டுத் தருவது. நாள் முழுக்க நிற்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை. தப்புத் தப்பாக எழுதிய தலைப்புகள் கண்ணெதிரே போகும். பேசாமல் பைண்ட் செய்து கொடுத்துவிடுவாள். கடையில் அவளை அந்தப் பெயரில் யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் கணவரும் நிறுத்திவிட்டார்.

மாதம் ஒருமுறை, முதல் சனிக்கிழமை, மதிய இடைவேளையில் கடைக்கு வெளியே வந்து வக்கீலம்மாவுக்குப் போன் செய்வாள். உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறகு அந்தக் கேள்வி. ஏதாவது தெரிஞ்சுதா மேடம்? இல்லை என்பார் அவர்.

போன மாதமும் செய்தாள். வக்கீலம்மாவுக்குப் பின்னால் யாரோ ஒரு கட்சிக்காரர் அழுது பேசிக்கொண்டிருந்தது லேசாகக் கேட்டது.

"நீ மாசா மாசம் கேக்கற," என்றார் வக்கீலம்மா. "எனக்குத் தெரிஞ்சாலும் ஒன்கிட்ட சொல்லுவேனான்னு எனக்கே தெரியல."

"சரி மேடம்," என்றாள் அவள்.

உள்ளே வெட்டாத தாள்கள் நாலு கட்டு காத்திருந்தன. போய் மெஷின் முன்னால் நின்றாள்.